தட்டிக் கேக்குற ஆளை யாரு தேர்ந்தெடுக்குறது?

கேள்வி: அரசாங்கக் கணக்கைத் தணிக்கை பண்ற பதவிக்கு சட்டசபை கமிட்டிங்க எப்படித்தான் ஆள் எடுக்குறாங்க சார்?

பதில்: நாட்டுக்கு நாடு மாறும்ங்க. பிரிட்டன்ல பிரதமர் பேர் சொல்லணும்னா அரசாங்கச் செலவைச் சரிபார்க்குற பாராளுமன்றக் குழுவான பொதுக்கணக்கு கமிட்டி தலைவரோட சம்மதம் வேணும், அந்தத் தலைவர் வழக்கமா எதிர்க்கட்சிக்காரர், எனக்கு ரொம்பப் பிடிச்ச ஏற்பாடு இது. அமெரிக்காவுல கன்ட்ரோலர் ஜெனரல்ங்கிற தலைமைத் தணிக்கையாளர் பதவி காலியானா ரெண்டு சபையிலயும் உள்ள ஆளுங்கட்சி எதிர்க்கட்சி தலைவருங்க எல்லாம் இருக்குற கமிஷன் குறைஞ்சது 3 பேரை ஜனாதிபதிக்கு சிபாரிசு பண்ணும், அவர் நியமிக்கிற ஆளை செனட் விசாரிச்சு ஓகே சொல்லணும். பதவிக்காலம் 15 வருஷம், மறுநியமனம் கிடையாது, அதனால நீட்டிப்புக்காக யார் வாசல்லயும் நிக்க வேண்டியதில்ல. மெஜாரிட்டி கட்சி மட்டும் கதவைச் சாத்திக்கிட்டு எடுத்தா அது தேர்வே இல்லைங்க.