எட்டுக் கோணங்களையும் மனப்பாடம் செய்யாமல் நினைவில் வைக்க முடியுமா?

ஏழாம் வகுப்புப் படிக்கும் மகனுக்கு, குறுக்குவெட்டி (இரண்டு கோடுகளைக் குறுக்கே வெட்டும் கோடு; இரு சந்திப்பிலும் சேர்த்து எட்டுக் கோணங்கள்) பாடத்தில் எந்தக் கோணம் எதற்குச் சமம் என்பது குழம்பிக்கொண்டே இருப்பதாகக் கேட்டிருக்கிறீர்கள். போன வருடம் என் அக்கா மகளுக்கும் இதே பாடுதான். ஒத்த கோணங்கள் (இரு சந்திப்பிலும் ஒரே இடத்தில் இருப்பவை), ஒன்றுவிட்ட உட்கோணங்கள் (இரு கோடுகளுக்கு நடுவே, குறுக்குவெட்டிக்கு எதிரெதிர்ப் பக்கங்களில், வெவ்வேறு சந்திப்பில் இருப்பவை) என்று பெயரெல்லாம் தலைகீழ்ப் பாடம். படத்தைக் காட்டினால் முழிப்பாள்.

கோடு போட்ட நோட்டில் ஏழெட்டு வரி இடைவெளி விட்டு இரண்டு இணைகோடுகளை அழுத்தி வரையச் சொன்னேன். குறுக்கே சாய்வாக ஒரு கோடு. மேல் சந்திப்பில் வலப்பக்க மேல் கோணத்தை மட்டும் பாகைமானியால் அளந்தாள்: 65°. நேர்கோட்டில் மொத்தம் 180° என்பதால் பக்கத்தில் இருப்பது 115°. ஒரே சந்திப்பில் எதிரெதிரே இருக்கும் குத்தெதிர்க் கோணங்கள் சமம், ஆக மற்ற இரண்டும் அளக்காமலே கிடைத்துவிட்டன. அப்புறம் அந்தச் சந்திப்பை டிரேசிங் தாளில் நகலெடுத்து, சாய்கோட்டின் வழியே மெதுவாகக் கீழே நகர்த்தினாள். கீழ்ச் சந்திப்பில் அச்சாகப் பொருந்தியது. "அப்போ எட்டு இல்லையா, ரெண்டே கோணம்தானா?" என்றாள். அவ்வளவுதான் விஷயம். குறுங்கோணங்கள் நான்கும் சமம், விரிகோணங்கள் நான்கும் சமம், ஒரு குறுங்கோணமும் ஒரு விரிகோணமும் சேர்ந்தால் 180°. குறுக்குவெட்டி செங்குத்தாக வெட்டினால் எட்டும் 90°.

ஒன்று மட்டும் அவனுக்கு அழுத்திச் சொல்லுங்கள். 'ஒத்த', 'ஒன்றுவிட்ட' என்பதெல்லாம் கோணம் இருக்கும் இடத்தைச் சொல்லும் பெயர்கள். கோடுகள் இணையாக இல்லாவிட்டாலும் அந்தப் பெயர்கள் உண்டு. சமமாக இருப்பது மட்டும் இணைகோடுகளுக்கே உரியது. பரீட்சையில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான்.

இதையும் தாளிலேயே காட்டலாம். கீழ்க்கோட்டின் வலது முனையைக் கொஞ்சம் மேலே தூக்கி வரைந்தோம். அங்கே ஒத்த கோணம் 62° ஆகிவிட்டது, டிரேசிங் பொருந்தவில்லை. வலப்பக்க உட்கோணங்கள் 115 + 62 = 177°. 180-க்குக் குறைகிறதே, அந்தப் பக்கம் நீட்டினால் கோடுகள் எங்கேயோ சந்தித்தே தீரும். சுமார் கி.மு. 300-இல் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் ஐந்தாவது எடுகோளாக (நிரூபிக்காமல் ஏற்றுக்கொள்ளும் கூற்றாக) வைத்தது இதைத்தான்.

சரி, ஜியோமெட்ரி பாக்ஸில் முக்கோண வடிவ மூலைமட்டம் இருக்கும், அதையும் எடுக்கச் சொல்லுங்கள். ஸ்கேலை அசையாமல் பிடித்து, 60° முனையை அதன்மேல் நகர்த்தி நகர்த்திக் கோடு போட்டால் எல்லாம் இணைகோடுகளாக விழும். அங்கே ஸ்கேல்தான் குறுக்குவெட்டி, நகரும் 60°தான் ஒத்த கோணம்.