லித்தியமா, வால்ப்ரோயேட்டா, லாமோட்ரிஜினா? டாக்டர் என்னையே யோசித்து வரச் சொல்கிறார். எதை வைத்து முடிவெடுப்பது?

கேள்வியில் நீங்கள் சொன்னது: வயது 27, கும்பகோணம் பக்கம், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பைபோலார் (மனநிலை அளவு மீறிய எழுச்சிக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறி மாறிப் போகிற நோய்) என்று சொன்ன டாக்டர் மூன்று மருந்துகளின் பெயரை எழுதிக் கொடுத்து, அடுத்த வாரம் முடிவோடு வரச் சொல்லியிருக்கிறார்.

என் தம்பிக்கும் இதே நோய்தான். மன்னார்குடி பக்கத்தில் விவசாயம் பார்க்கிறான். அவனுடைய மாத்திரை, ரத்தப் பரிசோதனை எல்லாம் பல வருஷமாக என் பொறுப்பு. நான் டாக்டர் இல்லை. ஆனால் ஓபியில் நம் முறை வந்து உட்கார்ந்ததும் கிடைக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் எதைக் கேட்க வேண்டும் என்று தெரியும்.

மூன்றுமே பலருக்கு வேலை செய்கிற மருந்துகள். மூன்றுக்கும் தொல்லைகள் உண்டு. எந்தத் தொல்லையை நீங்கள் இருக்கும் ஊரில், உங்கள் வாழ்க்கையில் கண்காணிக்க முடியும் என்று பாருங்கள். நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

உங்கள் விஷயத்தில் வால்ப்ரோயேட்டை முதலில் பேசித் தீர்க்க வேண்டும். கர்ப்ப காலத்தில் இதைச் சாப்பிட்டவர்களுக்குப் பிறக்கும் 100 குழந்தைகளில் சுமார் 10 பேருக்கு உடல் குறைபாடும், 30 முதல் 40 பேருக்குப் பேச்சு, படிப்பு போன்றவற்றில் வளர்ச்சிச் சிக்கலும் வருகிறது. முதுகுத்தண்டுக் குறைபாடு, கர்ப்பம் என்று நமக்குத் தெரிவதற்கு முன்பே உண்டாகிவிடக்கூடியது. ‘கல்யாணம் ஆகும்போது மாற்றிக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நம் பக்கம் வரன் திகைந்துவிட்டால் அடுத்த முகூர்த்தத்திலேயே தாலி ஏறிவிடும். ஒரு மாத்திரையை மெல்லக் குறைத்து இன்னொன்றைப் பழக்க அதைவிட அதிக நாள் ஆகும்.

லித்தியம்தான் தம்பிக்குக் கொடுப்பது. 1949ல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர் இதன் பயனை எழுதினார். இன்றுவரை பைபோலாருக்கு இதற்கு இணையாக வைக்க அதிகம் இல்லை. தற்கொலை ஆபத்தைக் குறைப்பதிலும் இதற்குத் தனி இடம் உண்டு. சிக்கல் என்னவென்றால், பலன் தருகிற அளவுக்கும் விஷமாகிற அளவுக்கும் நடுவே இடைவெளி குறைவு. ரத்தத்தில் பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை வைத்திருப்பார்கள். கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். இரவு 9 மணிக்குப் போட்டால் மறுநாள் காலை 9 மணிக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் காலை மாத்திரை. அளவு நிலைப்படும் வரை அடிக்கடி, பிறகு 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை எடுக்கச் சொல்வார்கள். கூடவே தைராய்டும் கிட்னியும் பார்க்க வேண்டும். சின்ன லேப்களில் லித்தியம் அளவு பார்க்கும் வசதி இருக்காது, வெளியூருக்கு அனுப்புவார்கள். மருந்தை ஆரம்பிக்கும் முன்பே உங்கள் லேபில் இதை விசாரித்து வையுங்கள்.

டெல்டாக்காரர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. குறுவை நடவு நேரத்து வெயிலில் வியர்த்து உடம்பில் நீர் வற்றினால் லித்தியம் ரத்தத்தில் ஏறும். உடம்பு வலிக்கிறது என்று மெடிக்கலில் ஒரு செட்டு மாத்திரை வாங்கிப் போடுகிறோமே, அதில் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் இருந்தாலும் ஏறும். சில பிரஷர் மாத்திரைகளும் ஏற்றும். அதனால் தம்பி வலிக்குப் பாராசிட்டமால் மட்டும்தான் போடுவான். உப்பைத் திடீரென்று குறைப்பதில்லை. கை நடுக்கம் அதிகமானாலோ, நடை தள்ளாடினாலோ, வாந்தி பேதி வந்தாலோ அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

லாமோட்ரிஜின், சோர்வுப் பக்கம் அதிகம் விழுகிறவர்களுக்கு நல்லது. எழுச்சியை அடக்க அவ்வளவாக உதவாது. வழக்கமாக 25 மில்லிகிராமில் ஆரம்பித்து, இரண்டிரண்டு வாரமாக மெதுவாகத்தான் ஏற்றுவார்கள். அவசரப்பட்டால் ஆபத்தான தோல் தடிப்பு வரலாம், அதனால் ஆரம்ப வாரங்களில் எந்தத் தடிப்பு வந்தாலும் உடனே காட்டுங்கள். சில நாள் விட்டுப்போனால் பழைய அளவிலேயே தொடராமல் டாக்டரைக் கேளுங்கள். மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டியிருக்கலாம்.

என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். உங்களுக்குச் சோர்வுதான் அதிகம் என்றால் லாமோட்ரிஜின் பற்றி முதலில் கேட்பேன். தூக்கமே இல்லாமல் கடுமையான எழுச்சி வந்திருந்தால், ரத்தப் பரிசோதனைக்கு வழி இருக்கிற பட்சத்தில் லித்தியம். குழந்தை ஆசை இருந்தால் இதையும் முன்கூட்டியே சொல்லித் திட்டமிட வேண்டும். வால்ப்ரோயேட் கடைசி.

போகும்போது அரைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எழுச்சி எத்தனை தடவை, சோர்வு எத்தனை தடவை, வீட்டில் சுகர், தைராய்டு, கிட்னி பிரச்சினை யாருக்கு, இப்போது என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள், குழந்தை பற்றிய எண்ணம். பேசுவதைவிடத் தாளை நீட்டினால் வேகமாகப் படித்துவிடுவார்கள். பிறகு கேளுங்கள்: “இதைப் பார்த்தால் நீங்க முதலில் எதை ஆரம்பிப்பீங்க டாக்டர், ஏன்? என்ன வந்தால் நான் உடனே வரணும்?” இந்த ரெண்டுக்கும் பதில் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். கூட்டம் அதிகம் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் சிகிச்சையைப் பற்றியும் பக்க விளைவுகளைப் பற்றியும் நமக்குப் புரிகிற மொழியில் தெரிந்துகொள்வது மனநல பராமரிப்புச் சட்டம் 2017 நமக்குத் தந்திருக்கும் உரிமை. பதில் கிடைக்கவில்லை என்றால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இரண்டாவது கருத்து கேளுங்கள்.

குணசீலம் கோயிலில் 48 நாள் தங்கினால் சரியாகும் என்று வீட்டில் சொல்லலாம். என் அம்மாவும் சொன்னார், தம்பியும் போனான், மாத்திரையோடு. எதை ஆரம்பித்தாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள். லித்தியத்தைச் சட்டென்று விட்டால் நோய் பலமாகத் திரும்ப வாய்ப்பு அதிகம். நடுவில் சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலிமானஸ், 14416 எண்ணில் இரவிலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.