எதற்கு ஒத்திகை?

கேள்வி: அந்தக்கால டச்சு ஓவியர்கள் சாக்பீஸில் வரைந்த உருவப் படங்களைக்கூட மியூசியத்தில் கண்ணாடி போட்டு வைக்கிறார்களே, ஆயில் பெயின்டிங்குக்கு முன்னால் போட்ட ஒத்திகைக் கிறுக்கல்தானே அதெல்லாம்?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: கிறுக்கல் என்று தள்ளுமுன் பீட்டர் லெலியின் தாள்களை நிதானமாகப் பாருங்கள். டச்சுப் பெற்றோருக்குப் பிறந்து, ஹார்லெமில் தொழில் கற்று, லண்டனுக்குப் போய், 1661-இல் மன்னர் இரண்டாம் சார்லஸின் தலைமை ஓவியர் ஆனவர். படம் கேட்டு வந்த கூட்டத்தைச் சமாளிக்க, முகத்தைத் தான் தீட்டிவிட்டு உடையைப் பெரும்பாலும் உதவியாளர்களிடம் விட்டுவிடுவார்.

அதே லெலி, கார்ட்டர் வீரர் அமைப்பின் (இங்கிலாந்து மன்னர் தலைமையிலான உயர் கௌரவக் குழு) ஊர்வலத்தில் நடந்தவர்களை நீலத் தாளில் கறுப்பு, வெள்ளை சாக்கால் வரைந்தார். சுமார் 30 தாள்கள் மிஞ்சியிருக்கின்றன. அங்கே கதை தலைகீழ். முகத்தைவிட அங்கிக்குத்தான் அதிக உழைப்பு, அதுவும் அவர் கையாலேயே. மடிப்பின் பள்ளத்தில் கறுப்பை அழுத்தித் தேய்த்திருக்கிறார். துணி மினுங்கும் விளிம்பில் வெள்ளையால் ஒரே இழுப்பு. இடைப்பட்ட இடத்தைத் தொடவே இல்லை. நீலத் தாளே அரைநிழலாக நிற்கிறது. எங்கே கை வைக்கக்கூடாது என்று தெரிந்தவரின் வேலை இது. இந்தத் தாள்களை வைத்து அவர் தீட்டிய ஆயில் ஓவியம் எதுவும் கிடைத்ததில்லை. அப்படியிருக்க, எதற்கு ஒத்திகை?

ஆம்ஸ்டர்டாமிலும் அப்படித்தான். யாக்கோப் பக்கரும் ஹோவர்ட் ஃபிளிங்கும் பணக்காரர்களின் முகங்களைத் தீட்டிச் சம்பாதித்தவர்கள். 1640களில் இதே கறுப்பு வெள்ளை சாக்கை எடுத்துக்கொண்டு, கூலிக்கு உட்கார்ந்த பெண்களை நிர்வாணமாக, நேரில் பார்த்து வரைந்தார்கள். பலவற்றுக்கு இணையான ஓவியமே கிடையாது. இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொல்லக் காசு கொடுத்தவர் எவரும் பக்கத்தில் இல்லை. எனக்கு அவர்களுடைய ஆயில் படங்களைவிட இவைதான் உயிருள்ளவை.

அப்புறம், சாக்பீஸ் என்றீர்கள். பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் அல்ல. கறுப்பு சாக் என்பது கரிச்சத்துள்ள மென்மையான கல். மண்ணிலிருந்து வெட்டியெடுத்து, சீவி, பிடியில் செருகி வரைவார்கள். தாளோ நீலக் கந்தல் துணியை அரைத்துச் செய்தது. வெளிச்சம் பட்டால் அந்த நீலம் வெளிறிவிடும், ஒட்டாமல் நிற்கும் சாக்குத் தூளோ உரசினால் உதிரும். கண்ணாடியும் மங்கலான விளக்கும் அதற்காகத்தான். சில மாதம் வெளியே வைத்துவிட்டு மறுபடி பெட்டிக்குள் எடுத்து வைத்துவிடுவார்கள். ஆகவே போகுமுன் விசாரித்துக்கொண்டு போங்கள்.