கேள்வி பதில்: கென்யாக் கீரையும் வெள்ளவத்தைச் சந்தையும்

கேள்வி: மகன் நைரோபியில வேலை செய்யிறான். அங்க தெரேரே, மனகு, சாகா எண்டு ஏதோ கீரையெல்லாம் சாப்பிடுறானாம், கான்சர் கூட வராதாம். இஞ்ச பேஸ்புக்கில அதையே பவுடராக்கி, ஆன்டிஒக்சிடன்ட் ஸ்கோர் எல்லாம் போட்டு விக்கிறாங்கள். வாங்கலாமோ?
- ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: காசை வீணாக்காதேங்கோ அக்கா. தெரேரே எண்டுறது தண்டுக்கீரைக் குடும்பம், சிங்கள ஆக்கள் தம்பளா எண்டு கட்டுக் கட்டா விக்கிறது. மனகு எங்கட மணத்தக்காளிக்கு ஒண்டுவிட்ட சகோதரம். சாகா வெள்ளைப்பூ பூக்கிற வேளைக்கீரை, வெறுங்காணியில தானா முளைக்க நாங்கள் புடுங்கி எறியிறமே அதுதான். கென்யாவிலயும் கனகாலமா இதுகளைக் களை, ஏழைச் சாப்பாடு எண்டு ஒதுக்கித்தான் வச்சிருந்தவை. ஜோமோ கென்யாட்டா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் மேரி அபுகுட்சா ஒன்யாங்கோ மாதிரி ஆக்கள் வருசக்கணக்கா ஆராய்ஞ்சு சொல்லிச் சொல்லித்தான் இப்ப நைரோபி சூப்பர்மார்க்கெட் வரைக்கும் வந்திருக்கு.

சத்து இருக்கிறது உண்மைதான், அதில எனக்குச் சந்தேகமே இல்லை. பீட்டா கரோட்டின் இருக்கு, உடம்பு அதை விட்டமின் ஏ ஆக்கும். கண்ணுக்கு லூட்டீன், பிறகு குவர்செட்டின், கெம்ப்ஃபெரோல், ரூட்டின் எண்டு ஃபிளேவனொயிட் எண்டுற செடிச் சாமான் கூட்டம். சிவப்புத் தண்டுக்கீரையின்ர நிறம் பீட்ரூட் நிறத்தின்ர அதே வகைச் சாயம், பீட்டாலெய்ன் எண்டுவினம். வேளைக்கீரையில கடுகு, கோவாவில இருக்கிற குளுக்கோசினோலேட் இருக்கு, அதுதான் அந்தக் காரமும் கசப்பும். செடி இதுகளை எங்களுக்காகச் செய்யேல்ல, வெயிலுக்கும் பூச்சிக்கும் தப்புறதுக்கு தனக்காகச் செய்து வச்சது.

அந்த ஸ்கோர் கதைக்கு வாறன். ஆன்டிஒக்சிடன்ட் எண்டா உடம்புக் கலங்களைக் கெடுக்கிற ஒக்சிசன் மூலக்கூறுகளைத் தடுக்கிற சாமான். சோதனைக்குழாயில ஒரு சாறு எவ்வளவு ஆன்டிஒக்சிடன்ட் வேலை செய்யுது எண்டு அளக்கிற ஓராக் எண்டொரு கணக்கு இருந்தது, அமெரிக்க விவசாயத் திணைக்களம் தானே பெரிய பட்டியல் போட்டு வச்சிருந்து, கம்பனிகள் அதைக் காட்டி சாமான் விக்கிறதைப் பாத்திட்டு, குழாயில வாற நம்பரை வச்சு உடம்புக்குள்ள என்ன நடக்கும் எண்டு சொல்லேலாது எண்டு 2012ல அதை இணையத்தில இருந்து எடுத்திட்டுது. குவர்செட்டினை எடுத்தா, குடல் உறிஞ்சிறதே கொஞ்சம், உறிஞ்சினதையும் ஈரல் வேற உருவமா மாத்திப்போடும். அதனால கான்சர் வராது எண்டு ஆர் சொன்னாலும், உங்கட மகனே சொன்னாலும், நம்பாதேங்கோ. ஒரு நாளைக்கு 400 கிராம் மரக்கறியும் பழமும் சாப்பிடச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அதுக்குள்ள கீரை ஒரு நல்ல பங்கு, அவ்வளவுதான்.

சமைக்கிறதிலதான் கனக்க இருக்கு. பீட்டா கரோட்டின் கொழுப்பில கரையிற சாமான், எண்ணெய் தேங்காய் ஒண்டும் இல்லாம அவிச்சா பாதிப் பிரயோசனமும் வராது. எங்கட ஆக்கள் சுண்டலுக்குத் தேங்காய்ப்பூ போட்டது ருசிக்குத்தான், ஆனாலும் சரியான வேலை. தேசிக்காய்ப் புளியை இறக்கின பிறகு விடுங்கோ, விட்டமின் சி சூட்டில போயிடும், அது இருந்தாத்தான் கீரையில இருக்கிற இரும்பு ஒழுங்காச் சேரும். சாப்பிட்ட கையோட பிளேன்டீ குடிக்கிற பழக்கத்தை மட்டும் விடுங்கோ, தேயிலையில துவர்ப்புத் தாற பொலிஃபினோல் இரும்பைப் பிடிச்சு வச்சுக்கொள்ளும். கீரையில இருக்கிற பொலிஃபினோலும் கொஞ்சம் அந்த வேலைதான் பாக்கும், பவுடர் விக்கிற ஆக்கள் இதைச் சொல்லமாட்டினம்.

கேள்வி: மணத்தக்காளிக் கீரை அவிச்ச தண்ணியை ஊத்தலாமோ? அதிலதானே சத்து எண்டு அம்மா சண்டை.
- தெஹிவளை வாசகர்

பதில்: அம்மா பாதி சரி தம்பி. விட்டமின் சியும் பொட்டாசியமும் தண்ணிக்குள்ள போறது உண்மை. ஆனா கசக்கிறதும் அந்தத் தண்ணிக்குள்ளதான் போகுது. கென்யாவில மனகையும் சாகாவையும் அவிச்சுத் தண்ணியை ஊத்திப்போட்டு, கசப்புக் குறையப் பால் விட்டுச் சமைக்கிறவை இருக்கினம். இளம் இலையெண்டா கொஞ்சத் தண்ணியில வதக்கி அப்பிடியே சாப்பிடுங்கோ, முத்தலாக் கசந்தா யோசிக்காம ஊத்துங்கோ. பச்சைக் காயை மட்டும் சேர்க்காதேங்கோ, சொலனின் மாதிரி நச்சு அல்கலொயிட் காயிலதான் கூட, சூட்டுக்கும் அது லேசில அழியாது.

கேள்வி: அப்பா ரத்தம் உறையாம இருக்க வோஃபரின் குளிசை எடுக்கிறார், கீரையே கூடாது எண்டு பக்கத்து வீட்டு ஆக்கள் சொல்லுகினம்.
- கொட்டாஞ்சேனை வாசகி

பதில்: கூடாது எண்டில்லை, கூட்டிக் குறைக்கக் கூடாது. பச்சை இலையில இருக்கிற விட்டமின் கே அந்த மருந்துக்கு எதிரா நிக்கும், ஒரு கிழமை ஒண்டும் இல்லாம அடுத்த கிழமை ஒவ்வொரு நாளும் வறை எண்டா ரத்தப் பரிசோதனை தாறுமாறா வரும். எவ்வளவு சாப்பிடுறார் எண்டதை க்ளினிக்கில சொல்லிப்போட்டு ஒரே அளவில குடுங்கோ. கிட்னிக் கல் வந்த ஆள் எண்டா தண்டுக்கீரை குறைவா, அதில கல் உண்டாக்கிற ஒக்சலேட் கூட.

கேள்வி: காங்கோவில மரவள்ளி இலையைக் கறி வைக்கினமாம், உண்மையோ? எங்களுக்குக் கிழங்கோட இஞ்சி சேர்க்கவே பயம்.
- வத்தளை வாசகர்

பதில்: உண்மை, பொண்டு எண்டு பேர். இலையில லினமரின் எண்டு சயனைட்டை உள்ளுக்கு வச்சிருக்கிற சாமான் இருக்கு, நசிச்ச உடன இலையில இருக்கிற என்சைம் அதை உடைச்சு சயனைட் வாயுவை விடும். வேளையையும் கடுகையும் நசிக்கக் காரம் வாறதும் இதே மாதிரி வழிதான், அங்க வாறதை நாங்கள் விரும்பிச் சாப்பிடுறம், இஞ்ச வாறதை விரட்டவேணும். அதுதான் அவை உரலில நல்லா இடிச்சு, பிறகு கனநேரம் அவிக்கிறவை. ஹைட்ரஜன் சயனைட் 26 பாகையிலயே ஆவியாகிற சாமான், மூடாத சட்டியில கொதிச்சாப் போயிடும். நீங்கள் செய்து பாக்கிறதெண்டா இளம் இலையா எடுத்து, இடிச்சு, மூடி போடாம, குசினி ஜன்னலையும் திறந்து வச்சு அவியுங்கோ. பச்சை இலைச் சம்பல் எண்டு மட்டும் வெளிக்கிடாதேங்கோ.