பாஸ் இல்லாத ஆபீஸுக்கு வரப்போகும் தம்பிக்கு

தம்பி, எபேனில் ஒரு அவுட்சோர்ஸிங் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, அங்கே மேனேஜரே கிடையாதாம், ஸ்க்வாட் என்ற சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரிந்து தாங்களே முடிவெடுப்பார்களாம், வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலையாம், நம்பி மொரீஷியஸுக்கு வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடவே வீட்டு வாடகை, காய்கறி விலை, சாம்பார்ப் பொடி கொண்டுவரணுமா என்றும். பொடியைக் கொண்டுவாருங்கள், மற்றதை வந்து பார்த்துக்கொள்ளலாம். மேனேஜர் விஷயத்துக்கு வருகிறேன்.

நான் 2003-இல் திருப்பூரிலிருந்து இங்கே ஒரு கார்மென்ட்ஸ் ஃபேக்டரிக்கு வந்தவன். லைனுக்கு ஒரு கரும்பலகை. மணிக்கு எத்தனை பீஸ் என்று சூப்பர்வைசரம்மா சாக்பீஸால் எழுதுவார். குறைந்தால் எல்லார் எதிரிலும் திட்டு விழும். வலிக்கும், ஆனால் யார் திட்டினார், எதற்குத் திட்டினார் என்று தெரியும். எந்த நாட்டிலிருந்து எவ்வளவு துணி இறக்கலாம் என்று அளவு வைத்திருந்த ஜவுளிக் கோட்டா முறை 2005 தொடக்கத்தில் உலகம் முழுக்க முடிந்தது. அந்த நேரத்தில் இங்கே பூட்டிய ஃபேக்டரிகளில் எங்களுடையதும் ஒன்று. அப்புறம் கணக்கு வேலை ஒன்றைப் பிடித்து எபேன் பக்கம் ஒதுங்கினேன்.

சில வருஷத்தில் அங்கே இந்தப் புது முறை வந்தது. மேனேஜர் என்ற பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு 'கோச்' என்று மாட்டினார்கள். காலையில் நின்றுகொண்டே 15 நிமிஷம் மீட்டிங். சார் என்று கூப்பிடக் கூடாது, பெயர் சொல்லணும். எனக்கு ஆறு மாதம் நாக்கு திரும்பவில்லை. அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது, லீவு கேட்டேன். ஸ்க்வாடோடு பேசிக்கொள் என்றார் கோச். ஸ்க்வாடில் எல்லாரும் 'நு பு கெதே' என்றார்கள். இங்கே பேசும் கிரியோல் மொழியில் 'பார்க்கலாம்' என்று அர்த்தம். நம்ம ஊர்ப் 'பார்க்கலாம்' எதில் போய் முடியும் என்று தெரிந்தவன்தான் நான், இருந்தும் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு டிக்கெட்டைப் போட்டுவிட்டேன். கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது பார்த்தால் லீவு நிலுவையில் கிடக்கிறது. யார் முன்னால் போய் நிற்பது? அறுபதாம் கல்யாணத்தைப் போட்டோவில் பார்த்தேன்.

பாஸ் இருக்கிறார் தம்பி, பலகைதான் இல்லை. அமெரிக்காவில் ஷூ விற்கும் ஜாப்போஸ் கம்பெனி, மேனேஜரே வேண்டாம் என்று 2013-இல் ஹோலாக்ரசி முறைக்குப் போவதாக அறிவித்தது. பிடிக்காதவர்கள் பணம் வாங்கிக்கொண்டு போகலாம் என்று 2015-இல் சொன்னதும் 200 பேருக்கு மேல் கிளம்பிவிட்டார்கள். சொந்த ஊரில் இருப்பவர்கள், கிளம்பலாம். இங்கே தங்கி வேலை பார்க்க உங்களுக்குத் தரும் ஆக்குபேஷன் பெர்மிட் அந்தக் கம்பெனியோடு கட்டிப்போட்டது. வேறு இடம் மாறினால் திரும்ப விண்ணப்பிக்கணும். அதனால் வருமுன்பே மெயிலில் கேளுங்கள்: என் லீவுக்குக் கையெழுத்துப் போடுவது யார், சம்பள உயர்வு யார் கையில், பெர்மிட்டைப் புதுப்பிப்பது யார் பொறுப்பு. பெயரோடு பதில் வரணும். 'டீம்' என்று வந்தால் இன்னொரு மெயில் போடுங்கள்.

வீட்டிலிருந்து வேலை சுகம்தான், கிளையன்ட் பிரான்ஸாக இல்லாதவரை. அவர்கள் கோடையில் நமக்கு 2 மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் 3. வேலை நேரத்துக்குப் பிறகு மெயிலைத் தொடாமல் இருக்கும் உரிமை அங்கே 2017-இலிருந்து சட்டத்திலேயே இருக்கிறது. அவர் 6 மணிக்கு லேப்டாப்பை மூடுமுன் தட்டிவிடும் கடைசி மெயில், ராத்திரி 8 மணிக்கோ 9 மணிக்கோ நம் சாப்பாட்டுத் தட்டுக்கு வந்து சேரும்.

இன்னொன்று. முடிவெல்லாம் அந்த நின்றபடி நடக்கும் மீட்டிங்கில் எடுப்பதில்லை. மதியம் தோல் பூரி (பருப்பு வைத்த மெல்லிய ரொட்டி) வண்டி ஓரம், கிரியோலில் எடுப்பார்கள். நம்மாட்கள் டிபன் பாக்ஸோடு ஒரு மூலையில் உட்கார்ந்து ஊர் அரசியல் பேசிவிட்டு, இவர்கள் நம்மைச் சேர்ப்பதில்லை என்று புலம்புவார்கள். இங்குள்ள தமிழர்களுக்குத் தமிழ் பேச வராது என்று சிரிப்பவர்களும் உண்டு. அதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விரதமிருந்து அலகு குத்திக் காவடி எடுக்கிறவர்கள் இவர்கள். தைப்பூசத்துக்கு இங்கே எப்போதோ அரசு விடுமுறை. தமிழ்நாட்டில் 2021-இல்தான் கொடுத்தார்கள்.

நான் டிபன் பாக்ஸை விட்டுவிட்டு வண்டிக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் ஆபீஸ் எனக்குப் புரிந்தது, கிரியோலும் வந்தது. வண்டி வைத்திருந்தது யார் தெரியுமா, எங்கள் பழைய சூப்பர்வைசரம்மா. ஒரு ஜோடி தோல் பூரியில் பட்டர் பீன்ஸ் கறியைத் தடவிச் சுருட்டிக் காகிதத்தில் மடிக்க அவருக்குப் பத்து விநாடி ஆகாது. வரிசை நீண்டால், மடித்துக்கொண்டே என்னிடம் கேட்பார்: "மணிக்கு எத்தனை பீஸ் வரும், எண்ணிச் சொல்லு!"