சோற்றை விட்டால் நிறை குறையுமா? கேட்டவர்களுக்குப் பதில்

சோறு, பாண், சீனியில் இருக்கும் மாச்சத்தை (கார்போஹைட்ரேட்) குறைத்துச் சாப்பிடுவது பற்றி எதுவும் கேளுங்கள் என்று ஞாயிற்றுக்கிழமை வாய்விட்டுச் சொன்னேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். நான் கொழும்பில் உணவு ஆலோசகராக வேலை செய்பவள், டொக்டர் இல்லை. உங்கள் இரத்தப் பரிசோதனை முடிவும் என் கையில் இல்லை.

வெள்ளவத்தைத் தம்பி: அக்கா, சோறு, பாண், சீனி மூன்றையும் விட்டு எட்டு நாள். மூன்று கிலோ போய்விட்டது! இப்படியே போனால் ஒரு மாதத்தில் பன்னிரண்டு குறையுமா?

குறையாது தம்பி. உடம்பு மாச்சத்தைக் கிளைக்கோஜனாக்கி ஈரலிலும் தசையிலும் சேர்த்து வைக்கிறது, வளர்ந்தவர்களுக்குக் கிட்டத்தட்ட 400, 500 கிராம். அதில் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோறு நின்றதும் அந்த இருப்புக் கரையும், தண்ணீரும் சிறுநீராகப் போய்விடும். தராசு உங்களுக்குக் காட்டியதில் பெரும்பகுதி இதுதான். ஒரு கலியாண வீட்டுச் சாப்பாட்டோடு ஒரு கிலோ திரும்பி வந்து நின்றால் பதறாதீர்கள், அதுவும் தண்ணீர்தான். கொழுப்பு வாரத்துக்கு அரைக் கிலோ கரைந்தாலே நல்ல வேகம். தராசை விட்டுவிட்டு இடுப்பை நாடாவால் அளந்து பாருங்கள்.

பெயர் சொல்லாத ஒருவர்: கொழுப்பைக் குறைப்பது நல்லதா, மாச்சத்தைக் குறைப்பது நல்லதா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

முதல் ஆறு மாதத்தில் மாச்சத்தைக் குறைத்தவர்கள் கொஞ்சம் முந்துவார்கள், வருடம் திரும்பும்போது மற்றவர்களும் வந்து சேர்ந்துவிடுவார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் கார்ட்னரின் குழு 609 பேரை இரண்டாகப் பிரித்து 12 மாதம் பார்த்து, 2018இல் முடிவை வெளியிட்டது. கொழுப்பைக் குறைத்தவர்களுக்குச் சராசரியாக 5.3 கிலோ இறங்கியது, மாச்சத்தைக் குறைத்தவர்களுக்கு 6 கிலோ. அதைப் பெரிய வித்தியாசம் என்று யாரும் சொல்ல முடியாது. எனக்குப் பிடித்த விஷயம் வேறு: இரண்டு பக்கத்திலும் நிறையக் குறைத்தவர்களும் இருந்தார்கள், நிறை கூடிப் போனவர்களும் இருந்தார்கள். இரண்டு பக்கத்தாருக்குமே சீனியையும் வெள்ளை மாவையும் குறைத்து மரக்கறியைக் கூட்டச் சொல்லியிருந்தார்கள். வேலை செய்தது அதுதான் என்பது என் எண்ணம்.

சரி, நன்மை இல்லாமலும் இல்லை. தட்டில் முட்டையும் மீனும் கூடும்போது பசி அடங்கிக் கிடக்கும், இரத்தத்தில் ஓடும் ட்ரைகிளிசரைட் என்ற கொழுப்பு இறங்கும், சாப்பிட்டவுடன் இரத்தத்தில் சீனி ஏறுவதும் குறையும்.

கொட்டாஞ்சேனை ஐயா (56 வயது): எனக்குச் சீனி வருத்தம், குளிசை எடுக்கிறேன். மகன் கீட்டோ (மாச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் உணவுமுறை) தொடங்கச் சொல்கிறான்.

ஐயா, மகனைக் கூட்டிக்கொண்டு முதலில் கிளினிக்குக்குப் போங்கள். வந்த கேள்விகளில் என்னைப் பயமுறுத்தியது இது ஒன்றுதான். இன்சுலின் போடுபவரோ கிளிக்லசைட் மாதிரிக் குளிசை எடுப்பவரோ சோற்றை நிறுத்திவிட்டு மருந்தைப் பழைய அளவிலேயே எடுத்தால் சீனி சட்டென்று விழும், வியர்க்கும், கை நடுங்கும், மயக்கமும் வரலாம். மெட்போர்மின் மட்டும் என்றால் அந்த ஆபத்து குறைவு. எம்பாகிளிஃப்ளோசின், டபாகிளிஃப்ளோசின் வகைக் குளிசை என்றால் வேறு பிரச்சினை: கீட்டோவோடு சேரும்போது இரத்தத்தில் அமிலம் ஏறிவிடலாம், அப்போது வீட்டு மெஷினில் சீனி அவ்வளவாக ஏறாமலும் இருக்கும், அதனால் ஒன்றுமில்லை என்று இருந்துவிடுவார்கள். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்கல் வந்தால் காத்திருக்க வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி. குளிசைப் பெட்டியையும் கொண்டு போங்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து: கீட்டோ என்றால் எத்தனை கிராம்?

ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழே மாச்சத்து என்றால் குறைந்த மாச்சத்து உணவு. 50க்கும் கீழே போனால்தான் கீட்டோ, 20இல் நிற்பவர்களும் உண்டு. (1920களில் வலிப்பு வரும் பிள்ளைகளுக்குக் கொடுக்க உருவான உணவுமுறை அது, இப்போது ஜிம்முக்கு வந்து சேர்ந்திருக்கிறது.) வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் 28 கிராம் மாச்சத்து. மத்தியானப் பார்சலை ஒருநாள் நிறுத்துப் பாருங்கள், அரைக் கிலோ சோறு இருந்தால் அதிலேயே 140.

தெஹிவளை அம்மா: குரக்கன் பிட்டும் சிவப்பரிசியும் தாராளமாகச் சாப்பிடலாம்தானே?

சாப்பிடலாம், தாராளமாக வேண்டாம். நூறு கிராம் குரக்கன் மாவில் 70 கிராமுக்கு மேல் மாச்சத்து, பச்சையாக நிறுத்த அரிசியிலும் 80க்குக் கிட்ட. தவிட்டோடு இருப்பதால் நார் கூட, அவ்வளவுதான்.

மருதானை அண்ணா: மூன்றாம் நாளிலிருந்து தலையிடி, மலச்சிக்கல். வாய் மணக்கிறது என்கிறார் மனைவி.

மனைவி சொல்வது சரி, கொழுப்பு எரியும்போது வருகிற அசிட்டோன் அது. தலையிடிக்குப் பெரும்பாலும் காரணம் தண்ணீரோடு உப்பும் போய்விடுவது. பிரசர் இல்லையென்றால் உப்புப் போட்ட சூப் ஒரு கோப்பை குடியுங்கள். மலச்சிக்கலுக்கு வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணி, போஞ்சி, கத்தரி. இறைச்சியை மட்டும் வைத்து ஒப்பேற்றினால் வயிறு பழிவாங்கும்.

அதே அண்ணா: தேங்காய்ப்பால் எவ்வளவும் விடலாமா?

மாச்சத்துக் கணக்கில் இடிக்காது, ஆனால் நிறைவுற்ற கொழுப்பு நிறைய. கீட்டோவில் சிலருக்கு எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரோல் நன்றாக ஏறிவிடுகிறது, யாருக்கு ஏறும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. தொடங்கும் முன் ஒன்று, மூன்று மாதத்தில் ஒன்று என்று கொலஸ்ட்ரோல் பாருங்கள்.

குழந்தைக்குப் பால் கொடுக்கும் தங்கச்சி: நான் தொடங்கலாமா?

கீட்டோ வேண்டாம். பிஸ்கட்டையும் குளிர்பானத்தையும் நிறுத்துங்கள், இப்போதைக்கு அது போதும்.

கோட்டையில் வேலை செய்யும் ஒருவர்: மத்தியானம் பார்சல், இரவு கொத்து. நான் என்ன செய்ய?

பார்சல்காரரிடம் பாதிச் சோறு, மரக்கறி கூட, ஒரு முட்டை என்று சொல்லுங்கள், பருப்பை விட வேண்டாம். கொத்தைக் கிழமைக்கு ஒருநாளாக்குங்கள். நான் வீட்டில் செய்வதும் இவ்வளவுதான், இடியப்பத்தை என் மாமியார் முன்னால் மறுக்கிற தைரியம் எனக்கும் இல்லை, நான்கோடு நிறுத்திக்கொள்வேன்.

மறுபடி வெள்ளவத்தைத் தம்பி: பிளேன்டீயில் சீனி போடாமல் பனங்கட்டி கடித்துக் குடிக்கலாமா?

அதுவும் சீனிதான் தம்பி. ஒரு சின்னத் துண்டு.