இரண்டாவது தடவை போகக் கூச்சமா?

கேள்வி: எனக்கு இது முதல் பிரசவம். 33 வாரம் ஆகிறது. போன வாரம் ஒரு நாள் மதியத்திலிருந்து குழந்தையின் அசைவு சரியாகத் தெரியவில்லை. பயந்துபோய் மருத்துவமனைக்கு ஓடினோம். குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்க்க வயிற்றில் பெல்ட் கட்டிய இரண்டாவது நிமிடமே உதைக்க ஆரம்பித்துவிட்டது. ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். இன்று காலையிலிருந்து மறுபடியும் அதே மாதிரி இருக்கிறது. "மாதம் ஏற ஏற உள்ளே இடம் பத்தாது, குறையத்தான் செய்யும். இனிப்பாக ஏதாவது குடித்துவிட்டுப் படு" என்கிறார் மாமியார். "நீ ரொம்ப யோசிக்கிறாய்" என்கிறார் கணவர். மறுபடியும் போய் நின்றால் சிரிப்பார்களோ என்று கூச்சமாக இருக்கிறது. என்ன செய்வது?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இதழ் அச்சாகிக் கைக்கு வரும்வரை காத்திருக்கிற கேள்வி இல்லை இது. அதனால்தான் மின்னஞ்சலைப் பார்த்த கையோடு, "இப்போதே கிளம்புங்கள், மீதியை அப்புறம் பேசலாம்" என்று ஒரு வரி அனுப்பினேன். போய்ப் பார்த்துவிட்டு வந்து, குழந்தை நன்றாக இருக்கிறது, ஒரு ஸ்கேனும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று இரவே பதில் போட்டிருந்தீர்கள். நிம்மதி. அந்த மீதியை இப்போது பேசிவிடலாம். இதே கூச்சத்தோடு வேறு யாராவது வீட்டில் உட்கார்ந்திருந்தால் அவர்களும் படிக்கட்டும்.

மாமியார் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் அந்த "இடம் பத்தாது" தப்பு. அசைவு 32 வாரம் வரை கூடிக்கொண்டே போகும், அதன் பிறகு ஏறக்குறைய அதே அளவில் நிற்கும். மாறுவது தினுசு மட்டும்தான். முன்பு சுள்ளென்று விழுந்த உதை, இப்போது வயிற்றின் ஒரு பக்கம் மேடாக எழும்பி மெதுவாக மறுபக்கம் உருள்வதாக இருக்கும். அது சரி. ஆனால் கடைசி மாதம் என்பதற்காகக் குறையக் கூடாது. வலி எடுக்கிற நாளிலும் குழந்தை அசைந்துகொண்டுதான் இருக்கும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், குழந்தைக்கு வேண்டிய பிராணவாயுவும் ஊட்டமும் நஞ்சுக்கொடி வழியாகத்தான் போகின்றன. அந்த வரவு குறையும்போது அது செலவைக் குறைக்கிறது. கை காலை ஆட்டுவதை நிறுத்திக்கொண்டு, இருப்பதை இதயத்துக்கும் மூளைக்கும் மிச்சம் பிடிக்கிறது. வீட்டில் இருக்கிற நமக்கு அது தெரியவருகிற வழி அசைவு ஒன்றுதான்.

அதற்காக, அசைவு குறைந்தாலே ஆபத்து என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே ஒரு தடவை இப்படிக் குறைந்ததாக உணர்ந்து வருகிற 100 பேரில் சுமார் 70 பேருக்கு அதன் பிறகு எந்தச் சிக்கலும் வருவதில்லை. குழந்தை 20 முதல் 40 நிமிடம் வரை தூங்கும். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டுவது அபூர்வம். நாள் முழுக்க ஓடியாடிக்கொண்டிருந்தால் நமக்குத்தான் கவனம் இருக்காது. நஞ்சுக்கொடி முன்பக்கம் இருந்தால் 28 வாரம் வரை அசைவு மந்தமாகத் தெரியலாம். தூக்கம் வரவழைக்கிற மருந்துகளும், குழந்தையின் நுரையீரலுக்காகப் போடுகிற ஸ்டீராய்டு ஊசியும்கூடக் கொஞ்ச நேரம் குறைக்கும். இவற்றில் எது உங்கள் காரணம் என்று வீட்டில் படுத்தபடி கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் சிக்கல்.

"சரி, ஒரு நாளைக்கு எத்தனை அசைவு இருக்க வேண்டும்?" என்று எல்லோரும் கேட்பார்கள். 12 மணி நேரத்துக்கு 10 என்று ஒரு கணக்கு 1970களில் வந்தது. அட்டை கொடுத்துக் கட்டம் கட்டமாகக் குறிக்கச் சொன்னார்கள். பிறகு 1989இல் சுமார் 68,000 கர்ப்பிணிகளை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. தினமும் எண்ணச் சொன்னதால் குழந்தை இறப்பு குறைந்ததாக அதில் தெரியவில்லை. எனக்கும் அந்த அட்டைகள் மேல் பெரிய மரியாதை கிடையாது. 10 வந்துவிட்டது என்று நிம்மதியாகிவிடுவார்கள். வழக்கமாக நாற்பது தடவை துள்ளுகிற குழந்தைக்குப் பத்து என்பது பாதிகூட இல்லை. உங்கள் குழந்தைக்கு என்று ஒரு வழக்கம் இருக்கும். சாயங்காலமானால் ஆட்டம், நீங்கள் படுத்ததும் ஒரு புரளல், இப்படி. அந்த வழக்கம் மாறினால் அதுதான் கணக்கு.

குறைந்திருக்கிறதா, நான்தான் கவனிக்கவில்லையா என்று அரைச் சந்தேகமாக இருந்தால் வேலையை எல்லாம் விட்டுவிட்டு இடது பக்கமாக ஒருக்களித்துப் படுங்கள். கை வயிற்றின் மேல் இருக்கட்டும், போன் வேறு அறையில் இருக்கட்டும். 2 மணி நேரத்தில் தனித்தனியாக 10 அசைவு தெரியாவிட்டால் கிளம்ப வேண்டும். சீராக டிக் டிக்கென்று வருகிற விக்கலைச் சேர்க்கக் கூடாது. சந்தேகமே இல்லை, குறைந்துதான் இருக்கிறது, அல்லது அசைவே இல்லை என்றால் இந்த 2 மணி நேரமும் வேண்டாம். இரவு எத்தனை மணியானாலும் சரி, நாளைக்கே செக்கப் இருந்தாலும் சரி.

இனிப்பு குடித்தால் குழந்தை எழுந்துகொள்ளும் என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை. தாகமாக இருந்தால் குடியுங்கள், அதைச் சோதனையாக வைத்துக்கொள்ளாதீர்கள். குழந்தையின் இதயத்துடிப்பை வீட்டில் வைத்துக் கேட்கிற சின்ன டாப்ளர் கருவியை வாங்காதீர்கள். பல நேரம் அதில் கேட்பது உங்கள் சொந்த நாடித்துடிப்பாக இருக்கும். குழந்தையின் துடிப்பே கேட்டாலும், அது சிரமப்படுகிறதா என்பது அதில் தெரியாது.

மருத்துவமனையில் கட்டுகிற பெல்ட் வேறு விஷயம். ஒரு வட்டு குழந்தையின் இதயத்துக்கு நேராக, இன்னொன்று வயிற்றின் மேல்பக்கம். குதிரை ஓடுகிற மாதிரி சத்தம் அறை முழுக்கக் கேட்கும். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை துடிக்கிறதா என்று மட்டும் அவர்கள் பார்ப்பதில்லை. குழந்தை அசையும்போது துடிப்பு 15 அளவுக்கு எகிறி, 15 விநாடியாவது நின்று இறங்க வேண்டும். 20 நிமிடத்தில் அப்படி இரண்டு மேடு, துடிப்பைக் கோடாக வரைகிற காகிதத்தில் விழுந்தால் அவர்கள் முகத்தில் தெளிவு வரும். பெல்ட் கட்டியதும் உதைக்கிற குழந்தைகளை வார்டில் இருந்த காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். அம்மாக்கள் அசடு வழியச் சிரிப்பார்கள். எங்களுக்கு அதைவிடப் பிடித்த காட்சி கிடையாது.

ஆனால் அந்தக் காகிதம் அந்த நேரத்துக்கு மட்டும்தான் சாட்சி. போன வாரம் நன்றாக இருந்தது இந்த வாரத்துக்குச் செல்லாது. அதனால் உள்ளே நுழைந்ததும் முதலில் சொல்ல வேண்டியதே "இது இரண்டாவது தடவை" என்பதுதான். நீங்கள் கூச்சப்பட்டு மறைக்க நினைத்தது எங்களுக்கு மிக முக்கியமான தகவல். திரும்பத் திரும்ப அசைவு குறைந்தால் பெல்ட்டோடு நிறுத்தாமல் குழந்தையின் வளர்ச்சி, பனிக்குட நீர், தொப்புள்கொடியில் ஓடுகிற ரத்தம் மூன்றையும் ஸ்கேனில் பார்ப்பார்கள். உங்களுக்கு எழுதிக் கொடுத்ததும் அதற்காகத்தான். முகம் சுளிக்கிற ஆள் ஒருவர் எங்காவது இருக்கத்தான் செய்வார், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சுளித்துவிட்டுப் போகட்டும், பெல்ட்டைக் கட்டச் சொல்லுங்கள்.

கணவருக்கு ஒரு வார்த்தை: வயிற்றுக்குள் நடப்பது தெரிகிற ஒரே ஆள் உங்கள் மனைவிதான். யோசிப்பதை அவரிடம் விட்டுவிடுங்கள். உங்கள் வேலை ஃபைலை எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்புவது.

இரவில் இடதோ வலதோ, ஒருக்களித்தே தூங்கத் தொடங்குங்கள். 28 வாரத்துக்குப் பிறகு அதுதான் நல்லது. நடுவில் மல்லாந்திருப்பது தெரிந்தால் பதறாமல் திரும்பிப் படுத்தால் போதும். ஸ்கேன் முடிந்ததும் எழுதுங்கள். அதற்குள் மூன்றாவது தடவை சந்தேகம் வந்தால் எனக்கு மின்னஞ்சல் தட்டிக்கொண்டிருக்காதீர்கள், நேராகப் போய்விடுங்கள்.